அபோதாபாத்தில் கட்டளை யாருடையது? அட்மிரல் மெக்ரேவனின் பணி வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

2011 மே 2-ஆம் தேதி அதிகாலையில் பாகிஸ்தானின் அபோதாபாத் நகரில் ஒசாமா பின்லேடனைச் சுட்டுக் கொன்றவர்கள் அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்கள். ஆனால் சட்டப்படி அந்த நடவடிக்கை சி.ஐ.ஏ. என்ற உளவு அமைப்பினுடையது. காகிதத்தில் அதற்குத் தலைவர் அந்த அமைப்பின் இயக்குநர் லியோன் பனெட்டா. அவர் அமெரிக்காவில், லாங்லி தலைமையகத்தில் இருந்தார். களத்தில் இருந்தவர்களுக்கு உத்தரவு போனது ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்திலிருந்து. அங்கே இருந்தவர் வைஸ் அட்மிரல் வில்லியம் மெக்ரேவன்.

ஒரே நடவடிக்கைக்கு எப்படி இரண்டு தலைவர்கள்? சிறப்புப் படைகள் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கின்றன. மெக்ரேவன் 37 ஆண்டுகள் சீருடையில் இருந்தவர். அவர் ஏறிய படிகளை வரிசையாகப் பார்த்தால், அமெரிக்கா இந்த அமைப்பை எப்படிக் கட்டியது, எந்தத் தோல்வி எந்த விதியானது, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதெல்லாம் தெளிவாகும். துணிச்சல்காரர்கள் எல்லாப் படைகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நான்கு நட்சத்திரத் தளபதியாக, அதாவது ஜெனரல், அட்மிரல் வரிசையின் மேல்படிக்கு உயர்வதற்குச் சட்டமும் நிறுவனமும் வழிவிட வேண்டியிருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு பெயர்கள்

1. சீல்: கடற்படையின் சிறப்புப் படை. கடல், வான், தரை மூன்றிலும் இயங்கப் பயிற்சி பெற்றவர்கள். அதற்குள்ளேயே மிகக் கடுமையான தேர்வு நடத்தி எடுக்கப்படும் பிரிவு, வெளியில் 'சீல் டீம் சிக்ஸ்' என்று அறியப்படுகிறது. தரைப்படையில் இதற்கு இணையான பிரிவு டெல்டா.

2. ஜேசாக்: கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம். 1980-ல் தொடங்கப்பட்டது, தலைமையகம் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கில். டெல்டா, சீல் டீம் சிக்ஸ் போன்ற ரகசியப் பிரிவுகள் இதன் கீழ்தான் களமிறங்குகின்றன. பணயக்கைதி மீட்பு, முக்கியப் புள்ளிகளைப் பிடிப்பது அல்லது கொல்வது போன்றவை இதன் வேலை.

3. சோகாம்: அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம். ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பாவில், மெக்டில் விமானப்படைத் தளத்தில் இருக்கிறது. முப்படைகளிலும் மரைன் படையிலும் உள்ள சிறப்புப் படையினர் ஏறத்தாழ 70,000 பேருக்கும் இதுவே தாய் அமைப்பு. ஜேசாக் இதன் ஒரு கிளை. ஆனால் சோகாம் பெரும்பாலும் போரை நேரடியாக நடத்துவதில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் கருவிகளும் கொடுத்து அனுப்பி வைப்பதோடு அதன் முக்கிய வேலை முடிகிறது.

4. வட்டாரக் கட்டளையகம்: மேற்கு ஆசியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து அமெரிக்கா வைத்திருக்கும் கட்டளையகங்கள். அனுப்பப்பட்ட படை வழக்கமாக இவற்றின் கீழ்தான் போரிடும்.

மெக்ரேவன் இந்த நான்கிலும் பணியாற்றினார். ஒரு மூத்த அதிகாரிக்கு இந்தச் சுற்று ஏன் அவசியமாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அவருடைய தொடக்க காலத்தைப் பார்க்க வேண்டும்.

இதழியல் பட்டமும் ஒரு பதவி நீக்கமும்

1955-ல் வட கரோலினாவில் பிறந்து, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் வளர்ந்தவர் மெக்ரேவன். தந்தை இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய விமானப்படை அதிகாரி. மகன் 1977-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே கடற்படையின் மாணவர் அதிகாரித் திட்டத்தில் இருந்ததால், அடுத்த ஆண்டே சீல் பயிற்சியையும் முடித்துவிட்டார்.

1983-ல் அவர் சீல் டீம் சிக்ஸில் ஒரு பிரிவின் பொறுப்பில் இருந்தார். அந்தப் படையை உருவாக்கிய ரிச்சர்ட் மார்சின்கோ அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மார்சின்கோ விதிகளைப் பொருட்படுத்தாதவர் என்று பெயரெடுத்தவர். இளம் அதிகாரியான மெக்ரேவன் கட்டுப்பாட்டை வலியுறுத்துபவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இப்படி நீக்கப்படும் அதிகாரியின் வளர்ச்சி பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். மெக்ரேவனுக்கு மற்றொரு சீல் அணியில் இடம் கிடைத்தது. அங்கே மறுபடியும் தன்னை நிரூபித்து மேலே வந்தார். மார்சின்கோ பிற்காலத்தில், அரசுப் பணத்தை ஏமாற்றச் சதி செய்த வழக்கில் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றுச் சிறை சென்றார்.

அந்தத் தலைமுறையின் நிலைமையை அறிய சார்லஸ் பெக்வித்தைப் பார்க்கலாம். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படையோடு இருந்து பழகியவர். அதேபோல ஒரு படை அமெரிக்காவுக்கும் வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடி, 1977-ல் டெல்டாவை உருவாக்கினார். 1981-ல் ஓய்வு பெற்றபோது அவர் கர்னல். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அன்றைய ராணுவத்தில் சிறப்புப் படைக்குள்ளேயே காலம் கழித்தவர்கள் எட்டக்கூடிய உச்சம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டாங்கிப் படை, காலாட்படை, போர்க்கப்பல் என்று வழக்கமான பாதையில் போனவர்களுக்கே ஜெனரல், அட்மிரல் பதவிகள் கிடைத்தன.

இந்தக் கதவைத் திறந்தது ஒரு பெருந்தோல்வி.

பாலைவனத்தில் போன எட்டு உயிர்கள்

1980 ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு, தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க ஒரு படை கிளம்பியது. நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. ஒன்று வழியிலேயே பழுதாகி இறங்கியது. புழுதிப் புயலில் சிக்கிய மற்றொன்று திரும்பிவிட்டது. ஈரானின் பாலைவனத்தில் சந்திக்க வேண்டிய இடத்துக்கு ஆறு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றிலும் கோளாறு. திட்டம் நடக்கக் குறைந்தது ஆறு வேண்டும், ஐந்துதான் மிச்சம். நடவடிக்கை கைவிடப்பட்டது. திரும்பிக் கிளம்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர், எரிபொருளும் ஆட்களும் ஏறியிருந்த விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள்.

அங்கே தரையில் இருந்த தாக்குதல் படையின் தலைவர் பெக்வித். அவருடைய ஆட்கள் தரைப்படையினர், ஹெலிகாப்டர் கடற்படையுடையது, அதை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன்கள், எரிபொருள் கொண்டுவந்தது விமானப்படை. எல்லோரும் ஒரே இடத்தில் கூடி முழு ஒத்திகை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அன்றிரவு பாலைவனத்தில் யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பதே குழப்பமாக இருந்தது. அட்மிரல் ஜேம்ஸ் ஹாலோவே தலைமையில் நடந்த ஆய்வு இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது.

ஜேசாக் அதே ஆண்டில் பிறந்தது. ஆனாலும் முப்படைத் தலைமைகள் சிறப்புப் படைகளுக்குப் பணமும் பதவியும் ஒதுக்குவதில் கஞ்சத்தனமாகவே இருந்தன. கடைசியில் நாடாளுமன்றம் தலையிட்டது. 1986-ல் வந்த இரண்டு சட்டங்கள்தான் மெக்ரேவன் போன்றவர்களுக்குப் பாதை போட்டன.

1. கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம். தன் படைக்குள்ளேயே இருந்துவிட்டு ஜெனரலாகவோ அட்மிரலாகவோ ஆக முடியாது. மற்றப் படைகளோடு சேர்ந்து ஒரு கூட்டுப் பணியில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியை இது கொண்டுவந்தது.

2. நன்-கோஹென் திருத்தம். இதன்படி 1987 ஏப்ரலில் சோகாம் உருவானது. அதற்கு நான்கு நட்சத்திரத் தலைவர், பாதுகாப்பு அமைச்சகத்தில் தனி உதவிச் செயலர், எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தனி வரவு-செலவுக் கணக்கு. ஹெலிகாப்டர் வாங்கக் கடற்படையிடமும் விமானப்படையிடமும் கையேந்த வேண்டிய நிலை மாறியது.

என் பார்வையில், பின்லேடன் வேட்டையின் உண்மையான தொடக்கம் இந்தச் சட்டங்கள்தான். 1997-ல் சிறப்புப் படையிலிருந்து வந்த ஹியூ ஷெல்டன் அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார். டெல்டாவிலிருந்து வந்த பீட்டர் ஸ்கூமேக்கர் 2003-ல் தரைப்படைத் தலைவரானார். பெக்வித் கர்னலாகப் போய் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம் இது.

ஆய்வேட்டில் எழுதியது என்ன?

1990-களின் தொடக்கத்தில் மெக்ரேவன் கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் படித்தார். சிறப்பு நடவடிக்கைக்கான பாடத்திட்டம் அங்கே தொடங்க உதவியவரும் அவர்தான். 1993-ல் அவர் எழுதிய ஆய்வேடு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டது. போர்க்கலை இலக்கணப்படி, தற்காத்து நிற்பவன் பலசாலி. அவனை வெல்லத் தாக்குபவனுக்குக் கூடுதல் ஆள் பலம் வேண்டும். அப்படியிருக்க, ஒரு சிறு கூட்டம் கோட்டைக்குள் புகுந்து வென்றுவிட்டு வருவது எப்படிச் சாத்தியமாகிறது?

அவர் எடுத்துக்கொண்ட எட்டுச் சம்பவங்களில் மூன்றைப் பார்த்தாலே வாதம் புரிந்துவிடும்.

1. எபென் எமேல், 1940 மே 10. பெல்ஜியத்தின் பலம்வாய்ந்த கோட்டை. உள்ளே பல நூறு வீரர்கள். எண்பதுக்கும் குறைவான ஜெர்மானியர்கள் சத்தமில்லாத கிளைடர்களில் வந்து கோட்டையின் கூரை மீதே இறங்கினார்கள். புதுவகை வெடிகளால் முக்கியமான பீரங்கிகளை அரைமணி நேரத்துக்குள் முடக்கினார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது.

2. செயின்ட் நசேர், 1942 மார்ச் 28. பிரான்ஸ் கடற்கரையில் ஜெர்மானியர் வசமிருந்த பெரிய கப்பல் துறையை உடைக்க, பிரிட்டிஷார் வெடிமருந்து நிரப்பிய பழைய போர்க்கப்பல் ஒன்றைக் கொண்டுபோய் வாயிற்கதவில் மோதினார்கள். துறை போர் முடியும்வரை பயன்படவில்லை. ஆனால் போன சுமார் 600 பேரில் 169 பேர் இறந்தனர், இருநூறுக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர்.

3. சோன் டே, 1970 நவம்பர் 21. வட வியட்நாமில் இருந்த சிறை முகாமிலிருந்து அமெரிக்கப் போர்க் கைதிகளை மீட்கும் முயற்சி. ஏறத்தாழ 170 முறை ஒத்திகை பார்த்தார்கள். ஒரு வீரரைக்கூட இழக்காமல் முகாமைப் பிடித்தார்கள். உள்ளே கைதிகள் யாரும் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள்.

இவற்றிலிருந்து மெக்ரேவன் எடுத்த முடிவுக்கு 'சார்பு மேலாதிக்கம்' என்று பெயர் வைக்கலாம். மொத்தத்தில் எதிரி பலசாலியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நம் கை ஓங்கிவிட்டால் போதும். அதை வேலை முடியும்வரை தக்கவைத்துக்கொள்ள வேண்டும். கிளம்பியதிலிருந்து அந்தக் கணத்தை எட்டும்வரை உள்ள நேரம்தான் ஆபத்தானது. அது நீள நீள, எதிர்பாராத தடங்கல்கள் புகுந்துவிடும். எபென் எமேலில் அந்த நேரம் நிமிடக் கணக்கு. செயின்ட் நசேரில் ஆற்று முகத்தில் விளக்கு வெளிச்சத்தில் சிக்கியபடியே போக வேண்டியிருந்தது. அத்தனை இழப்புக்கும் அதுவே காரணம். நேரத்தைச் சுருக்க அவர் ஆறு விதிகளைச் சொன்னார்: திட்டத்தில் எளிமை, ரகசியம், திரும்பத் திரும்ப ஒத்திகை, எதிரி எதிர்பாராத தாக்குதல், வேகம், ஒவ்வொருவருக்கும் நோக்கத்தில் தெளிவு.

சோன் டே கற்றுத்தருவது வேறு. ஆறு விதிகளையும் கடைப்பிடித்தாலும், உளவுத் தகவல் தவறினால் பயனில்லை. இந்தக் குறைபாடு மெக்ரேவனின் பணி வாழ்க்கையில் மிகக் கொடூரமான வடிவத்தில் திரும்பி வந்தது.

முறிந்த இடுப்பெலும்பும் வெள்ளை மாளிகையும்

2001 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஒரு பாராசூட் பயிற்சியில், கீழே போய்க்கொண்டிருந்த மற்றொருவரின் பாராசூட் விரிந்து அவர் மீது மோதியது. தன் பாராசூட்டின் கயிறுகள் கால்களில் சுற்றி இழுத்ததில் அவருடைய இடுப்பெலும்பு பிளந்தது. அப்போது அவர் கேப்டன். மேற்குக் கடற்கரை சீல் படைப்பிரிவுகளின் தலைவர். இரண்டு மாதத்தில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது அவர் படுக்கையில் இருந்தார்.

அவருடைய படை போருக்குப் போக, அவரை வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவுக்கு அழைத்துக்கொண்டார் ஓய்வு பெற்ற ஜெனரல் வெய்ன் டவுனிங். அங்கே பயங்கரவாத எதிர்ப்புக்கான தேசியக் கொள்கை ஆவணத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மெக்ரேவன். மூத்த சிறப்புப் படை அதிகாரிக்குத் தேவையான இன்னொரு திறன் இங்கேதான் வருகிறது. அதிபருக்கு என்ன கேள்வி எழும், வெளியுறவுத் துறை எங்கே தடுக்கும், சி.ஐ.ஏ.வோடு எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் களத்தில் பழக முடியாத விஷயங்கள். பத்தாண்டு கழித்து அபோதாபாத் திட்டத்தை அமைச்சர்களுக்கு விளக்க உட்கார்ந்தபோது இந்தப் பழக்கமே அவருக்குக் கைகொடுத்தது.

இரவு வேட்டை இயந்திரம்

2003-ல் அவர் ஜேசாக்கின் துணைத் தளபதியானார். டிசம்பர் 13-ல் சதாம் உசேன் பிடிபட்ட வேட்டையில் அவருக்குத் தலைமைப் பொறுப்பு இருந்தது. அப்போது ஜேசாக்கின் தலைவர் ஸ்டான்லி மெக்கிரிஸ்டல். இவர்கள் இராக்கில் உருவாக்கிய முறை ஒரு சுழற்சி: ஆளைக் கண்டுபிடி, இருப்பிடத்தை உறுதிசெய், தாக்கு, அங்கே கிடைத்த கைபேசி, காகிதம், கணினி எல்லாவற்றையும் உடனே ஆராய்ந்து அடுத்த ஆளைக் கண்டுபிடி. மெக்கிரிஸ்டலே சொன்ன கணக்குப்படி, 2004 ஆகஸ்டில் இராக்கில் நடந்த இத்தகைய தாக்குதல்கள் 18. 2006 ஆகஸ்டில் 300.

முன்பெல்லாம் ஒரு சிறப்பு நடவடிக்கை என்றால் மாதக் கணக்கில் திட்டமிடுவார்கள். இப்போது ஒரே இரவில் பத்து வீடுகள். மூத்த அதிகாரியின் வேலையும் தலைகீழானது. ஒவ்வொரு தாக்குதலையும் அவர் திட்டமிட முடியாது. இயந்திரம் ஓட விதிகளை வகுத்து, கீழே இருப்பவர்களை நம்பி விடுகிறார். கதவுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று சரிபார்க்கும் நேரமும் அதே வேகத்தில் சுருங்குகிறது.

2006 முதல் 2008 வரை ஐரோப்பாவில் சிறப்புப் படைகளுக்குத் தலைமை வகித்தார். 2008 ஜூனில் ஜேசாக்கின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கடற்படை அதிகாரி. 2009 ஏப்ரலில் சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல் கேப்டன் ரிச்சர்ட் பிலிப்ஸ் மீட்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

கார்தேஸ்: மறக்கக் கூடாத இரவு

2010 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, ஆப்கானிஸ்தானின் பக்தியா மாகாணத்தில் கார்தேஸ் அருகே ஒரு வீட்டில், பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்து நடந்துகொண்டிருந்தது. தாலிபான்கள் இருப்பதாக வந்த தகவலை நம்பி ஜேசாக் படை அந்த வீட்டைச் சூழ்ந்தது. அமெரிக்கர்களிடமே பயிற்சி பெற்ற ஒரு போலீஸ் அதிகாரி, அரசு வழக்கறிஞரான அவருடைய சகோதரர், இரண்டு கர்ப்பிணிகள், ஒரு பதின்வயதுப் பெண் ஆகியோர் கொல்லப்பட்டனர்.

நேட்டோவின் முதல் அறிக்கை, பெண்களின் உடல்கள் கட்டப்பட்டு, வாய் அடைக்கப்பட்ட நிலையில் கிடந்ததாகச் சொன்னது. அதாவது, படை வருவதற்கு முன்பே யாரோ கொன்றுவிட்டார்கள் என்று பொருள்படும்படி. ஜெரோம் ஸ்டார்க்கி என்ற பிரிட்டிஷ் செய்தியாளர் அந்த வீட்டுக்கே போய், உயிர் பிழைத்தவர்களைச் சந்தித்து எழுதினார். ஏப்ரல் 4-ல் நேட்டோ ஒப்புக்கொண்டது: பெண்களைக் கொன்றது தங்கள் படையே.

நான்கு நாள் கழித்து மெக்ரேவன் அந்த வீட்டுக்குச் சென்றார். உள்ளூர் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க ஆடுகளைக் கொண்டு போயிருந்தார்கள். இறந்தவர்கள் தன் ஆட்களின் கையால் இறந்தார்கள் என்று ஏற்று, குடும்பத் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்று நட்சத்திர அதிகாரி, அதுவும் பெயரையே வெளியில் சொல்லாத ஒரு படையின் தலைவர், இப்படி வாசலுக்குப் போய் நின்றது அபூர்வம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 2016-ல் வெளியான ராணுவ விசாரணை ஆவணம், அன்று பயன்படுத்திய பலம் தேவையானது, அளவானது என்றே முடிவு கட்டியிருந்தது. வாசலில் கேட்ட மன்னிப்புக்கும் கோப்பில் எழுதிய முடிவுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கலாமா? இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. தவறு என்று அதிகாரி ஏற்றதை அவருடைய நிறுவனமும் தவறு என்று எழுதியிருக்க வேண்டும்.

இதுபோன்ற இரவுத் தாக்குதல்கள் ஆப்கான் மக்களிடம் எழுப்பிய கோபம், அதிபர் கர்சாய்க்கும் அமெரிக்காவுக்கும் இடையே நீண்ட தகராறானது. 2012 ஏப்ரலில்தான் இந்தத் தாக்குதல்களை ஆப்கான் அதிகாரிகளின் அனுமதிக்கு உட்படுத்தும் ஒப்பந்தம் வந்தது.

அபோதாபாத்: இரண்டு சட்டப் பகுதிகள், ஒரு தாக்குதல்

2011 ஜனவரியில் மெக்ரேவனை லாங்லிக்கு அழைத்து, பின்லேடன் இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்ட வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். குண்டு வீசுவதா, ஆளில்லா விமானமா, ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்குவதா என்று விவாதம் நடந்தது.

இங்கேதான் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் பகுதி ராணுவத்துக்கானது. 50-ஆம் பகுதியில் உளவு வேலைகளுக்கான விதிகள் உள்ளன. 'அமெரிக்காவின் கை இருப்பது வெளியே தெரியக் கூடாது' என்று திட்டமிடப்படும் மறைமுக நடவடிக்கைக்கு இந்த 50-ஆம் பகுதிப்படி அதிபரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். நாடாளுமன்றத்தின் உளவுக் குழுக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பாகிஸ்தானோடு அமெரிக்கா போரில் இல்லை; அந்த நாட்டுக்குச் சொல்லாமலே நுழையப் போகிறார்கள். எனவே சீல் வீரர்களை அந்த ஒரு வேலைக்காக சி.ஐ.ஏ.வின் அதிகாரத்தின் கீழ் வைத்தார்கள். அதிபர் ஒபாமாவிலிருந்து பனெட்டா, அவரிடமிருந்து மெக்ரேவன் என்று சட்ட வரிசை. நடைமுறையில் களக் கட்டளை மெக்ரேவனிடம் இருந்தது. பனெட்டாவே பிறகு இதைப் பேட்டியில் சொன்னார்.

திட்டத்தில் 1993-ன் ஆய்வேடும் 1980-ன் பாலைவனமும் தெரிகின்றன.

1. எளிமை. இரண்டு ஹெலிகாப்டர்கள், 23 சீல் வீரர்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு நாய். நேராகப் போய் இறங்கி, முடித்துவிட்டுத் திரும்புவது.

2. ஒத்திகை. வட கரோலினாவிலும் நெவாடாவிலும் அந்த வீட்டைப் போலவே மாதிரி அமைத்துப் பழகினார்கள்.

3. மாற்று ஏற்பாடு. ஹெலிகாப்டர் பற்றாக்குறையால் ஈரானில் பட்டதை யாரும் மறக்கவில்லை. பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் பின்னால் தயாராக நின்றன. பாகிஸ்தான் படை வந்தால் சண்டையிட்டு வெளியேறும் அளவுக்கு ஆள் வேண்டும் என்று ஒபாமா வற்புறுத்தியதும் இதற்கு ஒரு காரணம்.

அந்த மூன்றாவது ஏற்பாடே காப்பாற்றியது. ஒத்திகை மாதிரியில் சுற்றுச்சுவர் இருக்கும் இடத்தில் கம்பி வேலி போட்டிருந்தார்கள். காற்று அதன் வழியே வெளியேறியது. உண்மையான வீட்டில் உயரமான கெட்டிச் சுவர். ஹெலிகாப்டர் கீழே தள்ளிய காற்று சுவரில் முட்டித் திரும்ப, இறக்கைகளுக்குத் தாங்கு சக்தி போய், முதல் ஹெலிகாப்டர் வளாகத்துக்குள் விழுந்தது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஜலாலாபாத்தில் இருந்த மெக்ரேவன் திட்டத்தை நிறுத்தாமல் மாற்று ஹெலிகாப்டரை அழைத்தார். சுமார் 40 நிமிடத்தில் வேலை முடிந்தது.

கோப்புகள் எங்கே போயின?

இரட்டைத் தலைமைக்குப் பின்விளைவும் உண்டு. தாக்குதல் நடந்து பதினொரு நாளில், மே 13 அன்று மெக்ரேவன் தன் கீழுள்ளவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: பின்லேடன் உடலின் படங்கள் யாரிடமாவது இருந்தால் உடனே அழித்துவிடுங்கள், அல்லது ஒப்படைத்துவிடுங்கள். 2013-ல் ஏ.பி. செய்தி நிறுவனம், தாக்குதல் பற்றிய ஆவணங்கள் ராணுவக் கணினிகளிலிருந்து நீக்கப்பட்டு சி.ஐ.ஏ.வுக்கு மாற்றப்பட்டதை வெளியிட்டது. மின்னஞ்சல் 2014-ல் தகவல் உரிமைச் சட்ட வழக்கின் மூலம் வெளியே வந்தது.

ராணுவத்திடம் இருக்கும் ஆவணத்தைக் குடிமக்கள் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. சி.ஐ.ஏ.வின் செயல்பாட்டுக் கோப்புகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு உண்டு. நடவடிக்கை தங்கள் இயக்குநரின் தலைமையில் நடந்ததால் ஆவணம் தங்களிடம் வந்தது முறையே என்று சி.ஐ.ஏ. சொன்னது. சட்டப்படி அந்த வாதம் நிற்கலாம். ஆனால் நடத்தியது ராணுவ அதிகாரி, உயிரைப் பணயம் வைத்தது ராணுவ வீரர்கள், ஆவணம் மட்டும் உளவு அமைப்பிடம் என்ற ஏற்பாடு, வரலாற்றாய்வாளருக்கும் வரி கட்டுபவருக்கும் கதவை மூடிவிடுகிறது. அரசின் பாதுகாப்புத் தேவையை ஒப்புக்கொண்டாலும், எனக்கு இது ஏற்புடையதாக இல்லை.

நான்காவது நட்சத்திரம்

2011 ஆகஸ்ட் 6-ல் ஆப்கானிஸ்தானின் வார்தக் மாகாணத்தில் ஒரு சினூக் சுட்டு வீழ்த்தப்பட்டது. 30 அமெரிக்கர்கள், 8 ஆப்கானியர்கள் என 38 பேர் இறந்தனர். அமெரிக்கர்களில் 17 பேர் சீல் வீரர்கள். இரண்டு நாள் கழித்து மெக்ரேவன் சோகாமின் ஒன்பதாவது தலைவராகப் பொறுப்பேற்றார். அமெரிக்காவில் இத்தகைய உயர்பதவிக்கு அதிபர் பெயரை முன்மொழிந்தாலும் செனட் ஒப்புதல் தர வேண்டும்.

இங்கே அவர் எதிர்கொண்டது பெரும்பாலும் நிர்வாகச் சிக்கல்கள். பத்தாண்டு ஓயாத போரில் களைத்துப்போன வீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் மனநல, உடல்நல உதவித் திட்டத்தை விரிவாக்கினார். 2013-ல் வட்டாரங்களில் இருந்த சிறப்பு நடவடிக்கைப் பிரிவுகளைச் சோகாமோடு இணைத்தார். வட்டாரத் தளபதிகள் தங்கள் அதிகாரம் குறைவதாக முணுமுணுத்தனர். 2014 ஆகஸ்டில் ஜோசப் வோட்டலிடம் பொறுப்பைக் கொடுத்து ஓய்வு பெற்றார். வோட்டலும் ஜேசாக்கிலிருந்து சோகாமுக்கு வந்தவர். பின்னால் ரேமண்ட் தாமஸ், பிரையன் ஃபென்டன் ஆகியோரும் அதே படியில் ஏறினார்கள். விதிவிலக்குகள் இருந்தாலும், ஜேசாக் தலைமை இன்று சோகாமுக்கான நுழைவாயில் ஆகிவிட்டது. பயிற்சியாளர்களாகவும் உள்ளூர்ப் படைகளை வளர்ப்பவர்களாகவும் இருந்த மற்றச் சிறப்புப் படையினரைவிட, தாக்குதல் பிரிவுகளிலிருந்து வந்தவர்களுக்கு மேலிடத்தில் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

சீருடையைக் கழற்றிய பிறகு

2015 முதல் 2018 வரை டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுமத்தின் வேந்தராக இருந்தார். அதற்கு முன், சீருடையில் இருந்தபோதே, 2014 மே மாதம் தன் பழைய கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில், காலையில் எழுந்ததும் படுக்கையைச் சரிசெய்யுங்கள் என்று பேசிய பேச்சு அவரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. இன்று பலர் அவரை அறிவது அதன் மூலமே.

2018 ஆகஸ்டில், சி.ஐ.ஏ.வின் முன்னாள் இயக்குநர் ஜான் பிரென்னனின் ரகசியத் தகவல் அனுமதியை அதிபர் டிரம்ப் பறித்தபோது, என் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் மெக்ரேவன் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். நவம்பரில் டிரம்ப் ஒரு பேட்டியில், பின்லேடனை இன்னும் முன்பே பிடித்திருக்கலாமே என்று பதில் தாக்குதல் தொடுத்தார். ஓய்வு பெற்ற தளபதிகள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று முப்படைத் தளபதிகள் குழுவின் முன்னாள் தலைவர் மார்ட்டின் டெம்ப்சி 2016-லேயே எச்சரித்திருந்தார். கடிதம் எழுதும் உரிமை ஒரு குடிமகனாக மெக்ரேவனுக்கு உண்டு, எழுதிய காரணமும் நியாயமானதுதான். ஆனாலும் டெம்ப்சியின் கவலையை ஒதுக்க முடியவில்லை. ரகசியப் படை ஒன்றை நடத்தியவரின் சொல்லுக்கு மக்களிடம் தனி எடை இருக்கிறது. அந்தப் படை செய்தவற்றில் கார்தேஸ் போன்ற பக்கங்கள் ஒரு செய்தியாளர் தேடிப் போனதால் மட்டுமே மக்களுக்குத் தெரியவந்தன.